ஒரே மரம், பல மெனுக்கள்: தளத்தின் படிநிலையிலிருந்து மெனு உருவாக்கும் வழி

பத்துப் பக்கம் உள்ள இணையதளத்துக்கு மெனுவைக் கையாலேயே எழுதிவிடலாம். மேலே ஐந்து இணைப்பு, அடியில் ஐந்து இணைப்பு, வேலை முடிந்தது. பக்கங்கள் நாற்பது, ஐம்பது என்று ஏறும்போதுதான் சிக்கல். ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினால் மேல் மெனு, பக்கவாட்டு மெனு, மொபைல் மெனு, ஃபுட்டர் என்று நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். மூன்றில் மாற்றிவிட்டு நான்காவதை மறந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, எப்போதோ நீக்கிய பக்கத்துக்கு ஃபுட்டரில் ஒரு இணைப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி ஒன்றுதான். எந்தப் பக்கம் எதன் கீழ் வருகிறது என்ற தகவலை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மெனுக்களும் அதிலிருந்து தாமாக உருவாகட்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதைக் கேட்டதும் அடுத்த தவறுக்குத் தாவிவிடுவார்கள்: மரம் கையில் இருக்கிறதே என்று அதை அப்படியே மெனுவில் கொட்டிவிடுவது. நூறு இணைப்பு உள்ள மெனு யாருக்கும் உதவாது. மரம் ஒன்று, அதிலிருந்து இடத்துக்கு ஏற்றபடி வெட்டி எடுக்கும் துண்டுகள் பல. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். பிஎச்பி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று எந்த மொழியில் எழுதினாலும் செய்முறை ஒன்றேதான். அதனால் நிரலை எந்த மொழியிலும் கொடுக்காமல் படிகளாகவே சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரு நூலகத்தின் தளத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: தாளில் மரத்தை வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். தளத்தைப் பயன்படுத்தப்போகிறவர்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, எவையெல்லாம் ஒன்றாகச் சேரும் என்று அடுக்கச் சொல்லுங்கள். இதைக் கார்டு சார்ட்டிங் என்பார்கள். செலவில்லாத வேலை. நீங்கள் நினைத்திருந்த பிரிவுக்கும் அவர்கள் அடுக்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதை அப்போதே பார்த்துவிடலாம்.

நிறுவனத்தின் உள் பிரிவுகளை அப்படியே மெனுவாக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நூலகத்துக்குள் 'கொள்முதல் பிரிவு', 'சுழற்சிப் பிரிவு' என்று இருக்கலாம். வாசகருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் தேடுவது 'புத்தகத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம்' என்பதை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு தாய்ப் பக்கம்தான் இருக்க வேண்டும். இது கண்டிப்பான விதி. 'சிறுவர் அறிவியல் நூல்கள்' சிறுவர் பிரிவிலும் வரும், அறிவியலிலும் வரும், என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏதாவது ஒன்றை அதன் சொந்த வீடாக வைத்துக்கொண்டு, மற்ற பக்கத்தின் உள்ளடக்கத்தில் ஒரு சாதாரண இணைப்பு கொடுங்கள். இரண்டு தாய் வைத்தால் பிற்பாடு பிரெட்கிரம்ப் (முகப்பிலிருந்து இந்தப் பக்கம் வரையிலான வழியைக் காட்டும் வரி) எந்த வழியைக் காட்டுவது என்று தெரியாமல் நிற்கும்.

ஒரு நிலையில் எத்தனை இணைப்பு வைக்கலாம்? 'ஏழுக்கு மேல் கூடாது' என்று எங்காவது படித்திருப்பீர்கள். 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. அந்தக் கட்டுரை பேசுவது குறுகிய கால நினைவைப் பற்றி. மெனு கண் முன்னே இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்யப்போவதில்லை. அந்த எண்ணை இங்கே கொண்டுவருவதில் அர்த்தமே இல்லை. மேல் மெனுவில் எத்தனை வைக்கலாம் என்பதைத் திரையின் அகலம் முடிவு செய்யும். பக்கவாட்டில் பன்னிரண்டு இணைப்பு இருந்தாலும், பெயர்கள் தெளிவாக இருந்தால் சிரமமில்லை. இரண்டிரண்டு பிள்ளைகளோடு ஆறு நிலை ஆழத்துக்குப் போகும் மரத்தைவிட, அகலமாக மூன்று நிலையில் முடியும் மரம் நல்லது.

பெயர் வைக்கும்போது 'சேவைகள்', 'வளங்கள்', 'மற்றவை' மூன்றையும் தவிர்க்கப் பாருங்கள். எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டுவிடலாம் என்பதால் எழுதுபவருக்கு அவை வசதி. உள்ளே என்ன இருக்கும் என்று வாசகரால் ஊகிக்க முடியாது.

அடுக்கி முடித்ததும் ஒரு சின்னச் சோதனை. வடிவமைப்பு எதுவும் இல்லாமல் மரத்தை மட்டும் ஒருவரிடம் காட்டி, 'தொலைந்துபோன புத்தகத்துக்கு என்ன செய்வது என்று எங்கே தேடுவீர்கள்?' என்று கேளுங்கள். அவர் தவறான கிளைக்குப் போனால், சிஎஸ்எஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதே கிளைக்குத்தான் போவார்.

படி 2: மரத்தைச் சேமியுங்கள்

மரத்தை டேட்டாபேஸில் வைக்க எளிய வழி, ஒவ்வொரு பக்கத்தின் வரியிலும் அதன் தாய்ப் பக்கத்தின் எண்ணையும் எழுதிவிடுவது. நம் நூலகத் தளம் இப்படி இருக்கும்:

| எண் | தாய் எண் | மெனுப் பெயர் | வரிசை |
|---|---|---|---|
| 1 | (காலி) | முகப்பு | 10 |
| 2 | 1 | நூல்கள் | 10 |
| 3 | 1 | உறுப்பினர் | 20 |
| 4 | 1 | எங்களைப் பற்றி | 30 |
| 5 | 2 | புதினங்கள் | 10 |
| 6 | 2 | அறிவியல் | 20 |
| 7 | 6 | வானியல் | 10 |
| 8 | 6 | உயிரியல் | 20 |
| 9 | 3 | சேரும் முறை | 10 |
| 10 | 3 | இரவல் விதிகள் | 20 |

முகப்பை எல்லாவற்றுக்கும் தாயாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். சிலர் அதையும் மற்றப் பிரிவுகளோடு ஒரே நிலையில் வைப்பார்கள். தாயாக வைத்தால் இரண்டு லாபம்: மேல் மெனு என்பது 'முகப்பின் பிள்ளைகள்' என்று ஆகிவிடும், பிரெட்கிரம்ப் எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் முகப்பில் போய் முடியும்.

வரிசை எண்ணைப் பத்துப் பத்தாகக் கொடுத்தால் இடையில் புதிதாக ஒன்றைச் செருகும்போது மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. அட்டவணையில் காட்டாத சில புலங்களும் வேண்டும். பக்கத்தின் முழுத் தலைப்பு ஒன்று, மெனுப் பெயர் தனியாக ஒன்று. 'நூலக உறுப்பினராகச் சேர்வதற்கான வழிமுறைகளும் தேவையான ஆவணங்களும்' என்பது தலைப்பாக இருக்கலாம், மெனுவில் 'சேரும் முறை' போதும். அப்புறம் முகவரித் துண்டு, அதாவது பக்கத்தின் முகவரியில் அந்தப் பக்கத்தைக் குறிக்கும் பகுதி. கடைசியாக இரண்டு ஆம்/இல்லை புலங்கள்: வெளியிடப்பட்டதா, மெனுவில் காட்டலாமா. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். படிவம் அனுப்பியதும் வரும் 'நன்றி' பக்கம் வெளியிடப்பட்டிருக்க வேண்டும், ஆனால் மெனுவில் வரக்கூடாது.

இந்த முறையைத் தவிர வேறு வழிகளும் உண்டு. நெஸ்டட் செட் என்ற முறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது, வலது என்று இரண்டு எண் கொடுப்பார்கள். ஒரு கிளை முழுவதையும் ஒரே கேள்வியில் எடுக்கலாம். ஆனால் நடுவில் ஒரு பக்கம் சேர்த்தால் ஏகப்பட்ட வரிகளுக்கு எண்ணை மாற்றி எழுத வேண்டும். சில நூறு பக்கங்கள் உள்ள தளத்துக்கு அது தேவையில்லாத தலைவலி. ஹ்யூகோ போன்ற நிலைத்தள உருவாக்கிகளில் டேட்டாபேஸே கிடையாது, கோப்புறைகளின் அமைப்பே மரம். அதுவும் நல்ல வழிதான்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு: பக்கத்தின் முகவரியைப் பிரித்து, சாய்கோடுகளை எண்ணி அதிலிருந்து மரத்தை ஊகிப்பது. இன்று சரியாக வரும். நாளை ஒரு பக்கத்தை வேறு பிரிவுக்கு மாற்ற நினைத்தால் முகவரியையும் மாற்றியாக வேண்டும். வெளியே இருந்து வரும் இணைப்புகள் எல்லாம் உடையும், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பிவிடல்களை எழுதிக்கொண்டு உட்கார வேண்டும். மரத்தில் இடம் மாறுவது வேறு, முகவரி மாறுவது வேறு. இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப்போடாமல் இருந்தால் பிறகு நிம்மதி.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கங்களுக்குத் தாய்ப் பக்கம் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இருக்கும் மெனுத் திரை தனக்கென்று இன்னொரு மரத்தை வைத்துக்கொள்கிறது. பக்கத்தின் தாயை மாற்றினால் மெனு தானாக மாறாது. 'புதிய பக்கங்களைத் தானாகச் சேர்' என்ற தேர்வும் முதல் நிலைப் பக்கங்களை மட்டுமே சேர்க்கும். எந்த மரத்தை நம்பப்போகிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

படி 3: வரிகளை மரமாக்குங்கள்

டேட்டாபேஸில் இருப்பவை தட்டையான வரிகள். அவற்றை மரமாக மாற்ற, முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி இது: முகப்பின் பிள்ளைகளைக் கேள், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பிள்ளைகளைக் கேள், அப்படியே கீழே போ. வேலை செய்யும். ஆனால் நூறு பக்கம் இருந்தால் டேட்டாபேஸிடம் நூறு தடவைக்குமேல் கேள்வி கேட்பீர்கள், அதுவும் ஒவ்வொருவர் தளத்தைத் திறக்கும்போதும். எல்லா வரிகளையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டு, மீதியை நினைவகத்தில் செய்யுங்கள்:

1. வெளியிடப்பட்ட எல்லாப் பக்கங்களையும் வரிசை எண்ணின்படி அடுக்கி ஒரே கேள்வியில் எடுங்கள்.
2. பக்க எண்ணைக் கொடுத்தால் பக்கம் கிடைக்கிற மாதிரி ஓர் அகராதி அமையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 'பிள்ளைகள்' என்று ஒரு காலிப் பட்டியலை வையுங்கள்.
3. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். தாய் எண் காலி என்றால் அதுதான் வேர். தாய் அகராதியில் இருந்தால், இந்தப் பக்கத்தைத் தாயின் பிள்ளைகள் பட்டியலில் சேருங்கள். தாய் அகராதியில் இல்லை என்றால் 'அநாதைகள்' பட்டியலில் போடுங்கள்.

அவ்வளவுதான். பட்டியலை இரண்டே முறை சுற்றினால் மரம் தயார். முன்பே வரிசைப்படி எடுத்திருப்பதால் பிள்ளைகளும் சரியான வரிசையில் வந்து உட்காரும். 'அறிவியல்' பக்கத்தை யாராவது வெளியீட்டிலிருந்து எடுத்துவிட்டால், வானியலும் உயிரியலும் அநாதைகள் பட்டியலுக்குப் போய்விடும், மெனுவில் வராது. இது சரியான நடத்தைதான். ஆனால் அந்தப் பட்டியலை நிர்வாகத் திரையில் காட்டுங்கள். இல்லாவிட்டால் 'என் பக்கத்தைக் காணோம்' என்று ஒருவர் வந்து நிற்பார்.

எஸ்க்யூஎல் தெரிந்தவர்கள் ரிகர்சிவ் கேள்வியைப் பற்றிக் கேட்கலாம். எஸ்க்யூஎல் 1999 தரத்திலேயே வந்த வசதி அது. மைஎஸ்க்யூஎல்லில் 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. பல்லாயிரம் பக்கங்களில் ஒரு கிளை மட்டும் வேண்டும் என்றால் அது உதவும். சின்னத் தளத்துக்கு மேலே சொன்னதே போதும், படித்துப் புரிந்துகொள்வதும் எளிது.

இங்கே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது: சுழற்சி. யாரோ 'நூல்கள்' பக்கத்தின் தாயை 'வானியல்' என்று மாற்றிவிட்டார் என்று வையுங்கள். வானியலின் தாய் அறிவியல், அறிவியலின் தாய் நூல்கள், நூல்களின் தாய் வானியல். மேலே சொன்ன முறையில் இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். இந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் வேரிலிருந்து இறங்கினால் அவற்றை எட்டவே முடியாது. மெனுவிலிருந்து ஒரு கிளையே சத்தமில்லாமல் காணாமல் போகும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் கீழிருந்து தாய் தாயாக ஏறுகிற பிரெட்கிரம்ப் முடிவே இல்லாமல் சுற்றும், பக்கம் திறக்காது. அதனால் தாயை மாற்றிச் சேமிக்கும்போதே சோதியுங்கள்: புதிய தாயிலிருந்து மேலே ஏறிப் போங்கள், வழியில் இதே பக்கம் வந்தால் மாற்றத்தை ஏற்காதீர்கள். பிரெட்கிரம்ப் ஏறும்போதும், பார்த்த எண்களைக் குறித்துக்கொண்டு, மறுபடி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

படி 4: மரத்தை எச்டிஎம்எல் ஆக்குங்கள்

மெனு என்பது பட்டியலுக்குள் பட்டியல். எச்டிஎம்எல்லில் அதற்கென்றே யூஎல், எல்ஐ இருக்கின்றன. திரை வாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துகிறவருக்கு 'ஐந்து உருப்படி உள்ள பட்டியல்' என்று சொல்லும் வசதி இதனால்தான் கிடைக்கிறது. வெறும் டிவ்களை அடுக்கினால் அது போய்விடும்.

தன்னைத்தானே அழைக்கும் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) எழுத வேண்டும். அதற்குப் பக்கங்களின் பட்டியல், இப்போதைய நிலை, அதிகபட்ச நிலை மூன்றையும் கொடுக்கிறோம்:

1. 'மெனுவில் காட்டலாம்' என்று குறித்த பக்கங்களை மட்டும் வடிகட்டு. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் எதுவும் எழுதாமல் திரும்பு.
2. யூஎல் திற.
3. ஒவ்வொரு பக்கத்துக்கும்: எல்ஐ திற, இணைப்பை எழுது. பிள்ளைகள் இருந்து, அதிகபட்ச நிலையைத் தொடவில்லை என்றால், பிள்ளைகளைக் கொடுத்து நிலையில் ஒன்று கூட்டி இதே செயற்கூற்றை அழை. அப்புறம் எல்ஐயை மூடு.
4. யூஎல்லை மூடு.

முதல் படியில் 'ஒன்றும் மிஞ்சவில்லை என்றால்' என்ற சோதனையை விட்டுவிட்டால் காலி யூஎல்கள் உருவாகி, ஒன்றுமே இல்லாத டிராப்டவுன் பெட்டி திறக்கும். மூன்றாவது படியில், பிள்ளைகளின் யூஎல் எல்ஐக்கு உள்ளே வர வேண்டும். எல்ஐயை மூடிவிட்டு அடுத்து யூஎல் எழுதுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. உலாவி குறை சொல்லாமல் காட்டிவிடும் என்பதால் கண்ணில் படாது. எந்த உள் மெனு எந்தப் பெயரைச் சேர்ந்தது என்ற உறவு மட்டும் அறுந்துபோகும்.

பெயர்களை அப்படியே ஒட்டாமல், எச்டிஎம்எல் குறிகளை மாற்றி எழுதும் செயற்கூறு வழியாக அனுப்புங்கள். யாராவது தலைப்பில் ஒரு கோண அடைப்பைப் போட்டுவைத்தால் தளம் முழுவதும் உடையாமல் இருக்கும், பாதுகாப்பும் கூட.

முழு மெனுவையும் நாவ் உறுப்புக்குள் வையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று நாவ் வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஏரியா-லேபிள் (திரை வாசிப்பான் படிக்கும் பெயருக்கான பண்பு) மூலம் பெயர் கொடுங்கள்: 'முதன்மை', 'இந்தப் பிரிவில்', 'நீங்கள் இருக்கும் இடம்'. இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் இணைப்பில் ஏரியா-கரன்ட் பண்புக்கு 'பேஜ்' என்ற மதிப்பைக் கொடுங்கள். அதே பண்பை வைத்து சிஎஸ்எஸ்ஸிலும் நிறம் மாற்றலாம், தனியாக ஒரு கிளாஸ் தேவையில்லை. நிறத்தை மட்டும் நம்பாமல் ஓர் அடிக்கோடோ தடித்த எழுத்தோ சேருங்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களும் வருவார்கள்.

படி 5: எந்த இடத்தில் எந்தத் துண்டு

இந்த வேலையில் யோசிக்க வேண்டிய பகுதி இதுதான்.

முதலில், திறந்திருக்கும் பக்கத்திலிருந்து தாய் தாயாக மேலே ஏறி ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். வானியல் பக்கத்தில் இருந்தால் 7, 6, 2, 1. இதை முன்னோர் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு பட்டியலை வைத்துத்தான் நடக்கிறது.

மேல் மெனு: முகப்பின் பிள்ளைகள். நூல்கள், உறுப்பினர், எங்களைப் பற்றி. இவற்றில் எது முன்னோர் பட்டியலில் இருக்கிறதோ அதை வேறுபடுத்திக் காட்டுங்கள். வானியலைப் படிப்பவருக்குத் தான் 'நூல்கள்' பிரிவில் இருப்பது தெரியும்.

பிரெட்கிரம்ப்: முன்னோர் பட்டியலைத் தலைகீழாக எழுதினால் வந்துவிட்டது. முகப்பு, நூல்கள், அறிவியல், வானியல். இங்கே வரிசை முக்கியம் என்பதால் ஓஎல் பயன்படுத்துங்கள். மெனுவில் காட்டாத பக்கமாக இருந்தாலும் பிரெட்கிரம்பில் அதைக் காட்டலாம், காட்ட வேண்டும். கூகுளில் தேடி நேராக உள்பக்கத்துக்கு வந்து இறங்குகிறவருக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்வது இந்த ஒரு வரிதான். இதே பட்டியலை, தேடுபொறிகளுக்கான பொதுச் சொற்தொகுதியான ஸ்கீமா டாட் ஆர்க் சொல்லும் பிரெட்கிரம்ப்லிஸ்ட் வடிவிலும் எழுதிவைத்தால் தேடுபொறிகள் அதைப் படித்துக்கொள்ளும்.

பக்கவாட்டு மெனு கொஞ்சம் நுணுக்கமானது. முன்னோர் பட்டியலில் முகப்புக்கு அடுத்து இருப்பது எதுவோ, அதுதான் இப்போதைய பிரிவு. இங்கே 'நூல்கள்'. அதன் பிள்ளைகளிலிருந்து அச்சிடத் தொடங்குங்கள். ஆனால் எல்லாக் கிளைகளையும் திறக்காதீர்கள். படி 4இன் செயற்கூற்றில் ஒரே ஒரு நிபந்தனையைக் கூட்டுங்கள்: ஒரு பக்கம் முன்னோர் பட்டியலில் இருந்தால் மட்டும் அதன் பிள்ளைகளுக்குள் இறங்கு. விளைவு இப்படி வரும்:

- புதினங்கள்
- அறிவியல்
  - வானியல் (இப்போதைய பக்கம்)
  - உயிரியல்

புதினங்களுக்குக் கீழே முப்பது பக்கம் இருந்தாலும் அவை எட்டிப் பார்க்காது. திறந்திருக்கும் பக்கமும் முன்னோர் பட்டியலில் இருப்பதால், அதற்குப் பிள்ளைகள் இருந்தால் அவையும் தாமாகத் தெரியும். ஒரு வரி நிபந்தனையில் கிடைக்கும் இந்தப் பலனுக்காகவே பக்கவாட்டு மெனுவை எனக்குப் பிடிக்கும். ஆழமான தளங்களில் பெரிய டிராப்டவுனைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ஃபுட்டருக்கு இரண்டு நிலை அச்சிட்டால் போதும். தளவரைபடப் பக்கம் ஒன்று வேண்டும் என்றால் நிலை வரம்பே இல்லாமல் அச்சிடுங்கள். மரம் முழுவதையும் கொட்டலாம் என்று அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான்.

படி 6: டிராப்டவுன், வேண்டுமானால்

மேல் மெனுவில் இரண்டாம் நிலையையும் காட்டியே ஆக வேண்டும் என்று கேட்பார்கள். சரி, செய்யலாம். ஆனால் மௌஸை மேலே கொண்டுபோனதும் திறப்பதை மட்டும் நம்பாதீர்கள். தொடுதிரையில் 'மேலே கொண்டுபோவது' என்ற செயலே இல்லை. விசைப்பலகையில் டேப் தட்டிப் போகிறவருக்கும் திறக்காது. மௌஸ் உள்ளவருக்கும் தொல்லைதான்: திறந்த பெட்டியின் கடைசி இணைப்புக்குக் குறுக்காக நகரும்போது பக்கத்து மெனு திறந்துகொண்டு, இது மூடிவிடும்.

நம்பகமான வழி, பெயரை இணைப்பாகவும், அதை ஒட்டிச் சின்ன அம்புக்குறியை உண்மையான பட்டன் உறுப்பாகவும் வைப்பது. பெயரைச் சொடுக்கினால் பக்கம் திறக்கும், பட்டனை அழுத்தினால் உள் மெனு திறக்கும். ஒரே சொடுக்கு இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்று முயன்றால் மொபைலில் 'நூல்கள்' பக்கத்துக்கு யாராலும் போக முடியாமல் ஆகிவிடும். பட்டனில் ஏரியா-எக்ஸ்பாண்டட் பண்பை வைத்து, திறந்தால் ட்ரூ, மூடினால் ஃபால்ஸ் என்று ஜாவாஸ்கிரிப்ட் மாற்றட்டும். எஸ்கேப் விசையை அழுத்தினால் மூடி, விசைப்பலகைக் குறியை (ஃபோகஸ்) பட்டனுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். மூடியிருக்கும் உள் மெனுவை டிஸ்ப்ளே நன் கொண்டு மறையுங்கள். ஒளிபுகுதன்மையை மட்டும் பூஜ்யமாக்கினால் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளில் டேப் விசை போய் மாட்டிக்கொள்ளும்.

மௌஸ் வசதியும் கூடவே இருக்கட்டும் என்றால் டபிள்யூசிஏஜி (எல்லோரும் அணுகத்தக்க இணையத்துக்கான வழிகாட்டி) 2.1இன் 1.4.13ஆம் விதி சொல்லும் மூன்றையும் பாருங்கள்: மௌஸை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும், திறந்த பெட்டியின் மேல் மௌஸைக் கொண்டுபோனால் அது மறையக்கூடாது, பயனர் விலகும் வரை தானாக மூடக்கூடாது.

இன்னொரு விஷயம். ஏரியா பண்புகளில் ரோல் மெனு, ரோல் மெனுஐட்டம் என்று இருப்பதைப் பார்த்ததும் நம் மெனுவுக்குத்தான் போலும் என்று தோன்றும். அவை மென்பொருள்களில் 'கோப்பு', 'திருத்து' என்று வருமே, அந்த மாதிரி மெனுக்களுக்கானவை. போட்டுவிட்டால் அம்புவிசைகளால் நகரலாம் என்று திரை வாசிப்பான் பயனர் எதிர்பார்ப்பார், நீங்கள் அதையெல்லாம் எழுதியிருக்க மாட்டீர்கள். இணையதள மெனுவுக்கு நாவ், யூஎல், இணைப்பு, பட்டன் போதும்.

படி 7: சின்னத் திரை

மூன்று கோடு உள்ள ஹாம்பர்கர் குறி, 1981இல் வெளிவந்த ஸெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வடிவமைத்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதை மெனு என்று அடையாளம் காணாதவர்கள் இருக்கிறார்கள். குறியின் பக்கத்தில் 'மெனு' என்ற சொல்லையும் எழுதிவிடுங்கள். மேல் மெனுவில் மூன்று நான்கு இணைப்புதான் என்றால் மறைக்கவே வேண்டாம், இரண்டு வரியாக மடங்கினாலும் பரவாயில்லை. மறைத்துவைத்ததை மக்கள் குறைவாகத்தான் திறக்கிறார்கள். பெரிய திரையில் இடம் தாராளமாக இருக்கும்போதும் ஹாம்பர்கருக்குள் ஒளித்துவைக்கும் நாகரிகத்தை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

மொபைலுக்கென்று மெனுவை இரண்டாவது தடவை எச்டிஎம்எல்லில் எழுதாதீர்கள். ஒரே மெனு, சிஎஸ்எஸ் மூலம் இரண்டு தோற்றம். தொடும் இடத்தின் அளவுக்கு டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் குறைந்தபட்சம் 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல். விரலுக்கு அது சிறியதுதான், 44ஐக் குறிவையுங்கள். அம்புப் பட்டனும் பெயரும் ஒட்டி நிற்கும் இடத்தில் இது ரொம்ப அவசியம். உள் மெனுக்களைத் திறந்து மூட ஜாவாஸ்கிரிப்ட் எழுத விருப்பமில்லை என்றால் டீட்டெய்ல்ஸ், சம்மரி உறுப்புகள் அந்த வேலையைத் தாமே செய்யும்.

தமிழில் மெனு வைப்பவர்களுக்கு

தயாராகக் கிடைக்கும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களின் நீளத்தை மனதில் வைத்துச் செய்தவை. தமிழ்ப் பெயர்களைப் போட்டதும் மேல் மெனு இரண்டு வரியாக மடங்கும் அல்லது கடைசிப் பெயர் வெளியே தள்ளப்படும். பெட்டிகளுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். உயரமும் அப்படித்தான்: கொம்பும் சுழியும் மேலே கீழே வெட்டுப்படாமல் இருக்க வரி உயரத்தை 1.5 அளவுக்கு வைத்துப் பாருங்கள்.

அகரவரிசையில் அடுக்க வேண்டிய பட்டியல் ஏதாவது இருந்தால் (ஆசிரியர் பெயர்கள் மாதிரி) வெறும் யூனிகோடு எண்ணின்படி அடுக்காதீர்கள். யூனிகோடில் ற, ல-வுக்கு முன்னால் வருகிறது; ன, ப-வுக்கு முன்னால் வருகிறது; புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போகிறது. 'மற்றவை' மேலேயும் 'மலர்' கீழேயும் வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் கொலேட்டர் என்ற அடுக்கும் கருவிக்குத் தமிழ் என்று சொல்லி அடுக்கினால் சரியாக வரும். டேட்டாபேஸ்களிலும் மொழிக்கேற்ற கொலேஷன் (அடுக்கும் விதி) இருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரித் துண்டைத் தமிழில் வைக்கலாமா? வைக்கலாம், உலாவிகள் அழகாகவே காட்டும். ஆனால் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளாக மாறுவதுண்டு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'நூலகம்' என்ற சொல்லில் 6 குறிகள், 18 பைட். விழுக்காட்டுக் குறியாக எழுதினால் 54 எழுத்து நீளம். மூன்று நிலை ஆழத்தில் இது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் அந்தப் புலத்தின் நீள வரம்பையும் அதற்கேற்ப வையுங்கள்.

படி 8: கேஷும் சோதனையும்

மரம் ஒரு நாளில் ஓரிரு தடவைகூட மாறாது. அதை ஒவ்வொரு தடவையும் கட்டுவதற்குப் பதில் கட்டிய மரத்தைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ளலாம். அச்சிட்ட எச்டிஎம்எல்லை வைத்தால் 'இப்போதைய பக்கம்' என்ற குறி முதலில் திறந்தவரின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு எல்லோருக்கும் தவறாகக் காட்டும். அதனால் மரத்தை மட்டும் வையுங்கள், அச்சிடுவதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தின் பெயர், தாய், வரிசை, வெளியீட்டு நிலை, முகவரி மாறினால் கேஷை அழிக்க வேண்டும். எந்தப் பக்கம் மாறியது என்று பார்த்துக் கொஞ்சமாக அழிக்கும் புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம், முழுவதையும் அழித்துவிடுங்கள்.

உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய பக்கங்கள் இருந்தால் அந்த வடிகட்டலும் அச்சிடும்போதே நடக்கட்டும். மெனுவில் மறைத்துவிட்டால் பக்கம் பாதுகாப்பாகிவிடாது. முகவரி தெரிந்தவர் நேராக வருவார், அனுமதியைப் பக்கமே சோதிக்க வேண்டும்.

வெளியிடும் முன், மரத்தின் மிக ஆழமான பக்கத்தைத் திறந்து பிரெட்கிரம்பும் பக்கவாட்டு மெனுவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிள்ளையே இல்லாத பிரிவு ஒன்றைத் திறந்து காலிப் பெட்டி வருகிறதா என்று பாருங்கள். ஒரு கிளையை வேறு தாய்க்கு மாற்றி, எல்லா மெனுவிலும் அது நகர்ந்ததா என்று சோதியுங்கள். ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு முதல் நிலை இணைப்புகளாவது வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டி முகப்பிலிருந்து வானியல் வரை போய்ப் பாருங்கள். குறி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு தட்டலுக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் எங்காவது குறி மறைந்தால், படி 6இல் சொன்ன டிஸ்ப்ளே நன் பகுதியிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.